தொட்டிக்குப் பின்னால் ஓர் அறை

கண்ணாடித் தொட்டி என்ன விலை ஆகும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. எட்டடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி உயரம் என்று அளவையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இராமநாதபுரம் கடலோரத்தில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கடல்நீர்த் தொட்டி கட்டித் தருபவர் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. "தண்ணிய எங்க வைக்கப் போறீக?" என்று திருப்பிக் கேட்பார். தொட்டியில்தான் என்பார்கள். தொட்டியில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். அதைச் சுத்தம் செய்து, குளிரவைத்து, மீனுக்கு மூச்சுக் கொடுக்கிற வேலை வேறோர் அறையில் நடக்கிறது. அந்த அறையைத்தான் அவர் கேட்கிறார்.

வளைகுடா நாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு மண்டபம் பக்கம் வீடு கட்டத் தொடங்கிய ஒருவர், அந்த அறையை வரைபடத்திலேயே போட்டுக்கொண்டு வந்தார். தரைக்குக் கீழே பத்தடி ஆழத்தில் ஒரு நிலவறை. அமெரிக்காவில் வீட்டு நிலவறையில் பெரிய பவளத் தொட்டி வைத்திருப்பவர்களின் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தார். கூடத்தில் தொட்டி, கீழே மோட்டாரும் வடிகட்டியும், சத்தம் மேலே வராது என்பது அவர் கணக்கு.

அந்த யோசனை தவறானதல்ல, பழமையானதும்கூட. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கடல்மீன் காட்சியகம் கட்டிய வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைத் தரைக்கு அடியில் இருட்டில் வைத்தார். தண்ணீர் மேலே ஏறித் தொட்டிகளில் பாய்ந்து, மறுபடி அந்த இருட்டுக்குள் இறங்கும். வெளிச்சம் படாததால் பாசி பிடிக்காது. அளவு பெரிது என்பதால் ஒரு மீன் செத்தாலும் தண்ணீரின் குணம் சட்டென்று மாறாது. 1874-இல் திறந்த இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வு நிலையக் காட்சியகத்தையும் அதே முறையில் அவர்தான் வடிவமைத்தார். தமிழ்நாட்டுக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்தது. முத்துக்குளிப்பையும் கடல் உயிர்களையும் ஆராய மன்னார் வளைகுடாவுக்கும் இராமேசுவரத்துக்கும் வந்து போன சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில், 1909-இல் மெரினா கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

ஆகவே கீழே அறை வேண்டும் என்று கேட்டவர் சரியாகத்தான் கேட்டார். இடம்தான் ஒத்துவரவில்லை.

மண்டபத்திலும் இராமேசுவரம் தீவிலும் மேலே மணல், அதன் கீழே பழைய பவளச் சுண்ணாம்புப் பாறை. மணலுக்குள் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. இராமநாதசுவாமி கோயிலின் தீர்த்தக் கிணறுகள் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நல்ல நீர் ஊறக் காரணம் இதுதான். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே உள்ள ஒரு மீட்டரைக் குறைத்தால் கீழே உப்பு அதே விகிதத்தில் ஏறி வரும். நிலவறை தோண்டுகிறவர்கள் செய்வதும் அதைத்தான்: குழி காயும்வரை இரவு பகலாக மோட்டார் போட்டு ஊற்றை இறைப்பார்கள். வீட்டுக்காரருக்கு அறை கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கிணறு உவர்த்துப்போகும்.

தோண்டி முடித்தாலும் தண்ணீர் விடாது. 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை. ஊற்று மட்டம் அறையின் தளத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும் விசை 30 டன். அதைத் தாங்கும் கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, மூட்டுக்கு மூட்டு நீர்த்தடை வைத்துக் கட்டலாம், துறைமுகங்களில் கட்டுகிறார்கள். ஒரு வீட்டுக்கு அந்தச் செலவு எதற்கு என்று தொட்டிக்காரர் வீட்டுக்காரரிடம் கேட்டார். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் பெய்த மழை 40 சென்டிமீட்டருக்கும் அதிகம். அன்று தெருவில் நின்ற தண்ணீர் நிலவறைப் படிக்கட்டைக் கண்டிருந்தால் எங்கே போயிருக்கும் என்பதை விளக்கத் தேவை இருக்கவில்லை.

வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். நிலவறை போய், கூடத்துக்குப் பின்னால் வடக்குப் பார்த்த ஓர் அறை வந்தது. வீட்டின் அடிமட்டத்தைத் தெருவிலிருந்து நான்கடி உயர்த்தி, பின்னறையின் தரையை மட்டும் இரண்டடி தாழ்த்தினார்கள். கூடத்துத் தொட்டியிலிருந்து நீர் தானாக வழிந்து இறங்க அந்தத் தாழ்வும் தொட்டியின் தாங்கியும் தரும் உயரம் போதும். அப்போதும் அறை தெருவுக்கு இரண்டடி மேலே இருக்கும். லாய்டு கேட்ட இருட்டை, ஜன்னல் வைக்காத ஒரு மூலையும் கறுப்பு நீர்த்தொட்டியும் கொடுத்துவிட்டன.

பளுக் கணக்கைத் தொட்டிக்காரர் எந்த வீட்டிலும் தவறவிடுவதில்லை. எட்டு, நான்கு, மூன்று அடிகளைப் பெருக்கினால் 96 கன அடி, அதாவது 2,700 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மட்டுமே 2,750 கிலோவைத் தாண்டும். 19 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோவுக்கு மேல். முன்பக்கத் தகடு ஒன்றைத் தூக்கவே நான்கு பேர் வேண்டும். பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து மூன்றரை டன் வரும். அது உட்காரும் இடமோ மூன்று சதுர மீட்டர்கூட இல்லை. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கணக்கில் எடுக்கும் பளு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. தொட்டி அதைப்போல் ஆறு மடங்கு. மாடியில் வைக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தை வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். மண்ணின் மேல் நேராக உட்கார்ந்த, கம்பி கட்டிப் போட்ட தனி மேடைதான் அவருக்குத் திருப்தி.

பின்னறையில் நடு இடம் கீழ்த்தொட்டிக்கு. தொழிலில் அதைச் சம்ப் என்கிறார்கள். மேலேயிருந்து வழியும் நீர் முதலில் துணிப்பையில் வடிந்து, பிறகு புரோட்டீன் ஸ்கிம்மருக்குள் போகும். அங்கே பொடிப்பொடிக் காற்றுக் குமிழிகளில் கழிவுப் பிசுக்கு ஒட்டி, பழுப்பு நுரையாகக் கோப்பையில் ஏறும். கீழ்த்தொட்டியின் அடுத்த தடுப்பில் பாறைத் துண்டுகளும் விளக்கு வெளிச்சத்தில் கடற்பாசியும். கடைசியில் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றிவிடும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. வீட்டுக்காரர்கள் மிகவும் பொறுமை இழப்பது இந்த வாரங்களில்தான்.

மின்சாரம் போனால் என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் கீழ்த்தொட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். மோட்டார் நின்றதும் மேல்தொட்டியின் நீர், வழியும் விளிம்பு வரை இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 75 லிட்டர். இரண்டு அங்குலம் இறங்கினால் 150 லிட்டர், குழாய்களில் நிற்கும் நீர் வேறு. அவ்வளவுக்கும் கீழே காலியிடம் இருந்தாக வேண்டும். நீர் ஏறும் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக அமிழ்ந்திருந்தால் அதன் வழியாகவும் பின்னோக்கி உறிஞ்சி இறங்கும். அதைத் தடுக்க நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போடுவார்கள். அந்தத் துளையில் பாசி அடைத்தால் தரை முழுக்க உப்புத் தண்ணீர். தொட்டியை நிரப்பிய அன்றே, வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டுவது அவர் வழக்கம். கீழ்த்தொட்டியின் சுவரில் நீர் எதுவரை ஏறுகிறதோ அங்கே அழியாத மையில் ஒரு கோடு. சாதாரண நாளில் இதற்கு மேல் நிரப்பக்கூடாது என்று இன்னொரு கோடு அதற்குக் கீழே.

மின்தடை நீண்டால் மீனுக்கு முதல் ஆபத்து மூச்சுத் திணறல். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் பிடித்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராம் அளவுதான். வாடைக் காலத்தில் புயல் சின்னம் உருவானாலே இந்தப் பக்கம் மின்சாரத்தை நம்ப முடியாது. எல்லாக் கருவியையும் இன்வெர்ட்டரில் இணைத்தால் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சின்னக் காற்று மோட்டார்களையும் ஒரே ஒரு சுழற்சி மோட்டாரையும் மட்டும் இணைத்தால் ஓர் இரவைத் தாண்டலாம். எனவே மின்கம்பி இழுக்கும்போதே அந்தக் கருவிகளுக்குத் தனி இணைப்பு வேண்டும். சுவர் பூசிய பிறகு இதைச் சொன்னால் எந்த எலெக்ட்ரீஷியனும் சண்டைக்கு வருவார்.

அடுத்தது வெப்பம். மோட்டார், விளக்கு, ஸ்கிம்மர் என்று உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி இதம். கடலிலேயே நீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்துப்போயின. இவ்வளவு நீரில் 5 லிட்டர் ஆவியானால் சுமார் ஒரு டிகிரி குறையும் என்பது கணக்கு. விசிறி வைத்து அப்படிக் குளிரவைப்பது கோவையில் எடுபடலாம். மண்டபத்துக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் நீர் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. சில்லர் என்ற குளிர்விப்பானை வாங்கித்தான் ஆக வேண்டும். பலர் அதைக் கீழ்த்தொட்டிக்குப் பக்கத்திலேயே, கதவைச் சாத்திய அறையில் வைத்துவிடுகிறார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அதே அறையில் கொட்டி, மறுபடி அதையே எடுத்துக்கொண்டிருக்கும்; மின்கட்டணம்தான் ஏறும். சில்லர் வெளிச்சுவருக்கு அப்பால், தென்கடல் சாரல் நேராக அடிக்காத பக்கத்தில் நிற்க வேண்டும். பின்னறைக்கு வடக்குச் சுவரைக் கேட்டது அதற்காகத்தான்.

உப்பைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராயவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் ஆயுள் முழுதும் துருவோடு போராடியது; 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்கு எவர்சில்வர் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. வெளியே இருக்கும் அந்தக் காற்றைத்தான் தொட்டிக்காரர் வீட்டுக்குள் ஓர் அறையில் உண்டாக்குகிறார். ஆகவே அங்கே இரும்புத் தாங்கி கிடையாது, இரும்புக் கதவுக் கீல் கிடையாது. குழாய்கள் பி.வி.சி., தொட்டிகள் ஃபைபர் அல்லது பாலித்தீன், திருகாணி தேவைப்பட்டால் 316 ரக எவர்சில்வர். பிளக் பாயின்ட் எதுவும் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. கம்பி ஒவ்வொன்றும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழிந்து வரும் துளி அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாத அறையில் அவர் கையை நனைப்பதில்லை. வெளியேற்றும் விசிறி நாள் முழுக்க ஓடும்.

தண்ணீர் எடுப்பதில் இந்தக் கடலோரத்துக்கு ஒரு வசதி உண்டு. சென்னையிலோ மதுரையிலோ 2,700 லிட்டருக்கு நூறு கிலோ செயற்கைக் கடல் உப்பு வாங்கிக் கரைக்க வேண்டும். இங்கே வடக்கிலும் தெற்கிலும் கடல். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கி, வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடையில் அது மாறும். மீனவர்கள் வலை போடப் பார்க்கும் அதே கணக்கில் அவர் தண்ணீர் எடுக்கிறார். மழை ஓய்ந்த கையோடு வடகடலில் எடுப்பதில்லை, உப்பு குறைந்திருக்கும். எடுத்த நீர் மணல் வடிகட்டி, நுண்துளைப் பை, புற ஊதா விளக்கு எல்லாவற்றையும் தாண்டி, கறுப்புத் தொட்டியில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகுதான் மீனிடம் போகும்.

உப்புநீர் எளிதாகக் கிடைக்கிற ஊரில் நன்னீர்தான் அரிது. தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நின்றுவிடும். நாள்தோறும் இருபது, முப்பது லிட்டர் நன்னீர் சேர்க்காவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. அவர் வீட்டுக்காரரிடம் மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாகக் கேட்கிறார். கூரையில் பிடித்த மழைநீரை ஆர்.ஓ. கருவியில் விட்டால் கழிக்கும் நீரும் குறைவு.

தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும் நீர் எங்கே போகும் என்பதை வரைபடம் போடும் எந்தப் பொறியாளரும் யோசிப்பதில்லை. கழிவறைத் தொட்டியில் விட்டால் அங்குள்ள பாக்டீரியா செத்துப்போகும். தோட்டத்தில் விட்டால் தென்னை காயும், கிணறும் கெடும். கடலில் கொண்டுபோய் ஊற்றுவதிலும் எச்சரிக்கை தேவை. 1984-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் தென்பட்ட காலெர்பா டாக்சிஃபோலியா என்ற பாசி, மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பை மூடிவிட்டது. நம் பக்கமே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்களில் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எனவே பின்னறையில் கழிவுநீருக்கென்று மூடிய தொட்டி ஒன்று. குளோரின் போட்டு எல்லாவற்றையும் கொன்று, ஹைப்போ போட்டு அந்தக் குளோரினையும் நீக்கிய பிறகே அது லாரி ஏறும்.

பாறை விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்துகொடுப்பதில்லை. தீவுப் பக்கம் இயற்கைப் பாறை கிடக்கிறதே, நான்கு மூட்டை அள்ளி வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாறை கட்டும் பவளங்களும் கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்டத்தைவிடப் பெரிய சாட்சி கண்ணெதிரே இருக்கிறது: சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்த காலத்துக்குப் பிறகு விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அதே கடலில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் சிமென்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்துக் காட்டியிருக்கிறது. சிமென்டில் பவளம் வளரும் என்றால் தொட்டிக்கும் சிமென்ட் பாறை போதும். கல் உப்பைக் கலந்து வார்த்து, பிறகு உப்பைக் கரையவிட்டால் துளைகள் உண்டாகும். சுண்ணாம்புக் காரம் போகும்வரை வாரக்கணக்கில் ஊறவைத்து நீர் மாற்ற வேண்டும்.

மீனுக்கும் கடலில் கைவைக்க வேண்டாம். 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இப்போதும் அங்கே அதன் பெரிய மையம் இருக்கிறது. இந்தியாவில் வளர்ப்புக் கடல் விரால் 2010-இல் முதன்முதலாகக் குஞ்சு பொரித்ததும், 2011-இல் வெள்ளிப் பாம்பனோ பொரித்ததும் அங்கேதான். கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறையையும் அந்த நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆண் மீன் முட்டைகளை விட்டு நகராது. துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்ட முட்டையை வாயால் எடுத்துப் போட்டுவிடும். ஆரஞ்சு நிறத்தில் இட்ட முட்டை நாளுக்கு நாள் கறுத்து, கடைசி நாளில் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் மின்னும். அன்று இரவு விளக்கணைத்த சற்று நேரத்தில் பொரித்துவிடும். குஞ்சுக்கு முதல் உணவு கண்ணுக்கு எளிதில் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். அப்படித் தொட்டியில் பிறந்த மீன் உருண்டை உணவைத் தின்னப் பழகியிருக்கும், வீட்டில் சாவதும் குறைவு.

எங்கிருந்து வந்தாலும் புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடக்கூடாது. வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுத்தால் மீன் பிழைக்கும், பவளம் செத்துவிடும். அதனால் பின்னறையில் தனி மோட்டார், தனி வலையோடு ஒரு சின்னத் தனிமைத் தொட்டிக்கு இடம் ஒதுக்க வேண்டும். வரைபடத்தில் இடம் போதவில்லை என்றால் வீட்டுக்காரர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்காததும் அதைத்தான்.

கடலோரத்தில் வீடு கட்டித் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மண்டபத்துக்குப் போய் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தின் கடல்மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால், அஸ்திவாரத்துக்குக் குறி போடும் முன்பே தொட்டிக்காரரையும் கட்டமைப்புப் பொறியாளரையும் எலெக்ட்ரீஷியனையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். தீவிலிருந்து பாறை கொண்டுவந்து தருவதாக யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.